‘செட்’ என்னும் ஒற்றைச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடையில் கணக்கு எழுதுகிறவர், நர்சிங் முடித்தவர், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் வெல்டர் எனப் பலரும் வருகிறார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ‘செட்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. அகராதியில் தேடினால் பக்கம் பக்கமாகப் போகிறது. வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘செட்’டுக்கு 430 அர்த்தம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிவின் நீளமே சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவுக்கு வரும்.

ஆனால் இந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அது வரலாற்று அகராதி. இன்று யாருமே பேசாத பழைய பொருள்களும் அதில் இருக்கும். கப்பல்காரர், தச்சர், அச்சுக்கூடத்தார் என ஒவ்வொரு தொழில்காரரும் தங்களுக்குள் மட்டும் வைத்திருந்த பொருள்களும் இருக்கும். ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ என்று ஒட்டுச்சொல் சேர்ந்து வருபவையும் தனித்தனியாக எண்ணப்படும். இன்னொரு விஷயம், பொருளை எண்ணுவது மாங்காய் எண்ணுவது போல அல்ல. மேசையில் தட்டு வைப்பதும் தரையில் பெட்டி வைப்பதும் ஒரே பொருளா, இரண்டா? ஒரு தொகுப்பாசிரியர் ஒன்று என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். அன்றாடம் பேச, படிக்க, வேலை பார்க்க வேண்டியவை இருபதுக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

இப்போதும் ‘செட்’தான் முதலிடத்தில் இருக்கிறதா?

இல்லை. அந்த அகராதியைத் திருத்தி மூன்றாம் பதிப்புக்குத் தயார் செய்துவருகிறார்கள். அதில் ‘ரன்’ முந்திவிட்டது. 2011இல் வெளியான கணக்குப்படி ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரம் வந்தபிறகு ஓடுகிற பொருள்கள் பெருகிவிட்டன: இன்ஜின், தொழிற்சாலை, கம்ப்யூட்டர் புரோகிராம். தமிழிலும் அப்படித்தானே? மோட்டார் ஓடுகிறது, கடை ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது.

தமிழில் இப்படி ஒரு சொல்லுக்குப் பல பொருள் கிடையாதா?

நிறைய உண்டு. அதை நம் இலக்கணக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் 13 பொருள் சொல்கிறது: காவல், கூர்மை, மணம், விளக்கம், அச்சம், சிறப்பு, விரைவு, மிகுதி, புதுமை, ஒலித்தல், நீக்கல், திருமணம், கரிப்பு. காவல் உள்ள நகரம் கடிநகர். கடிமணம் என்றால் திருமணம். நாய் கடித்தது தனிக் கதை. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூல்களான நிகண்டுகளில் ஒரு சொல்லுக்கு வரும் பல பொருள்களைத் திரட்டித் தருவதற்கென்றே தனித் தொகுதி இருக்கும்.

ஆகவே ஆங்கிலத்தில் இருப்பது ஏதோ விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். அதிகம் புழங்குகிற சின்னச் சொல் எந்த மொழியிலும் பல வேலை பார்க்கும். நம் வாயில் ஒரு நாளைக்கு ‘போடு’, ‘எடு’, ‘பிடி’, ‘வை’ எத்தனை முறை, எத்தனை விதமாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ‘செட்’டுக்கு ஏன் இத்தனை பொருள்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. நம் காதில் ஒரு சொல்லாக விழுவது வேர் பார்த்தால் இரண்டு சொற்கள்.

முதலாவது வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று இருந்தது. ‘சிட்’ என்றால் உட்கார்; ‘செட்’ என்றால் உட்கார வை. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். இரு, இருத்து. விழு, வீழ்த்து. எழு, எழுப்பு. கிட, கிடத்து. ஆங்கிலத்திலும் இதே மாதிரி இணைகள் இருக்கின்றன. ‘ஃபால்’ என்றால் விழு. ‘ஃபெல்’ என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. ‘ரைஸ்’ என்றால் எழு. ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. அந்த வரிசையில்தான் ‘சிட்’, ‘செட்’ இரண்டும் வரும். நாம் ‘ஃபெல்’ என்றதும் ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலத்தை மட்டும் நினைப்போம். மரம் வெட்டுகிற ‘ஃபெல்’ தனி வினைச்சொல். இதை விளக்கும்போது தமிழ் இலக்கணம் படித்தவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஆங்கில வழியில் படித்தவர்களைவிட இவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது.

இரண்டாவது பெயர்ச்சொல். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வருகிற ‘செட்’. இதன் மூலம் லத்தீன். ‘செக்டா’ என்றால் ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள், ஒரு வழியில் நடப்பவர்கள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து, ‘செட்’ ஆகிவிட்டது.

நம்முடைய ‘ஆறு’ போலத்தான். ஓடுகிற ஆறு, ஐந்துக்கு அடுத்த ஆறு, காபி ஆறுகிற ஆறு. ஒலி ஒன்று, சொல் வேறு. ஆனால் ‘செட்’ விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலி ஒன்றானதும் இரண்டும் பொருளிலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டன. ஒன்றாக வைக்கப்பட்ட பொருள்கள், ஒரு தொகுதி. இதில் ‘வைப்பது’ எங்கே முடிகிறது, ‘கூட்டம்’ எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது.

இத்தனை பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். வகுப்பில் ஒருவர் நோட்டில் 62 பொருள் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். மறுவாரம் ஒரு வாக்கியம் கொடுத்ததும் திகைத்துவிட்டார். அவருடைய உழைப்பு வீணானதில் எனக்கே வருத்தம்.

இப்படிச் செய்து பாருங்கள். ‘செட்’டைப் பார்க்காமல் அதன் பக்கத்தில் என்ன பொருள் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று யோசியுங்கள். பாதிக்குப் பாதி ‘வை’ என்றே வந்து விழும். ‘செட் ஃபயர்’ என்றால் தீ வைப்பது. ‘செட் எ டிராப்’ என்றால் கண்ணி வைப்பது. ‘செட் தி அலாரம்’ என்றால் அலாரம் வைப்பது. மோதிரத்தில் கல் ‘செட்’ செய்தால் கல் வைப்பது, கொஞ்சம் அழகாகச் சொன்னால் கல் பதிப்பது. கல்யாணத்துக்குத் தேதி ‘செட்’ செய்தால் நாள் வைப்பது. கிராமத்தில் கோழியை முட்டைமேல் அடை வைப்போமே, அதற்கும் ஆங்கிலத்தில் கோழியை ‘செட்’ செய்வது என்றுதான் பெயர். அங்கே கோழி நிஜமாகவே உட்கார வைக்கப்படுகிறது, பழைய பொருள் கொஞ்சமும் மாறாமல்.

‘வை’ பொருந்தாத இடத்தில் தமிழ் வேறு சொல்லைக் கொடுக்கும். சாதனையை ‘செட்’ செய்தால் சாதனை படைத்தார். பாட்டுக்கு ‘செட்’ செய்தால் மெட்டமைத்தார். முறிந்த எலும்பை ‘செட்’ செய்தால் எலும்பைக் கூட்டிக் கட்டினார். புத்தூர்க் கட்டு என்று தேடிப் போகிறார்களே, அந்த வேலை. அச்சுக்கூடத்தில் எழுத்தை ‘செட்’ செய்தால் அச்சுக் கோத்தார். பறவையை ‘செட் ஃப்ரீ’ செய்தால் விடுவித்தார். ஒரு கதை மதுரையில் ‘செட்’ ஆகியிருக்கிறது என்றால் கதை மதுரையில் நடக்கிறது. போனில் ‘செட்டிங்ஸ்’ என்பதற்குத் தமிழ் முகப்பில் ‘அமைப்புகள்’ என்று போட்டிருப்பார்கள், நல்ல தேர்வு.

ஒரு எச்சரிக்கை. ‘வை’ வருகிற இடமெல்லாம் ‘செட்’ வராது. குழம்பு வைப்பது, பெயர் வைப்பது, நம்பிக்கை வைப்பது எதற்கும் ‘செட்’ கிடையாது. போகும் வழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டும்தான்.

சூரியன் ‘செட்’ ஆகிறது, ஜெல்லி ‘செட்’ ஆகிறது. இங்கே யார் எதை வைக்கிறார்கள்?

யாரும் வைக்கவில்லை. பிறவினையாகப் பிறந்த சொல் சில இடங்களில் தன்வினையாகத் திரும்பிவிட்டது. தானாகவே ஒரு நிலையில் போய் உட்கார்ந்துவிடுவது என்று புரிந்துகொள்ளலாம். சிமென்ட் இறுகுகிறது, தயிர் உறைகிறது, பெயின்ட் காய்ந்து நிற்கிறது. அசைந்துகொண்டிருந்தது அசையாமல் நின்றுவிட்டது என்பதே இவற்றுக்குப் பொதுவான கரு.

சூரியனும் அதே மாதிரி. நமக்குப் பொழுது சாய்கிறது, அடைகிறது, இறங்குகிறது. ஆங்கிலத்தில் சூரியன் அடிவானத்தில் போய் உட்காருகிறது.

இறந்தகாலம் ‘செட்டெட்’ தானே?

இல்லை. ‘செட்’, ‘செட்’, ‘செட்’. மூன்று வடிவத்துக்கும் ஒரே முகம். பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் ‘செட்டெ’ என்று கடைசியில் ஓர் உயிரொலியோடு இருந்தது. அந்தக் கடைசி ஒலிகள் காலப்போக்கில் உதிர்ந்துபோனதால் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகிவிட்டன. ‘புட்’, ‘கட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ எல்லாமும் இதே மாதிரிதான். ‘ஹி செட்ஸ்’ என்றால் வழக்கமாகச் செய்கிறார். ‘ஹி செட்’ என்றால் செய்து முடித்தார். அந்தக் கடைசி ‘ஸ்’ இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

பம்புசெட், மைக்செட், பல்செட்: இவை ஆங்கிலமா, தமிழா?

பிறந்தது ஆங்கிலத்தில், வளர்ந்தது நம் ஊரில் என்று சொல்வேன். மோட்டாரும் பம்பும் சேர்ந்த தொகுதி என்பதால் ‘பம்ப் செட்’. பொருள் இரண்டாவது ‘செட்’, அதாவது கூட்டம். ஆனால் தமிழில் பம்புசெட் என்றால் மோட்டார் மட்டுமா? அந்த அறை, தண்ணீர் விழும் தொட்டி, பக்கத்துத் தென்னை, துணி துவைக்கும் கல் எல்லாம் சேர்ந்த இடம் அது. ‘பம்புசெட்ல குளிக்கப் போறோம்’ என்று ஒரு பையன் சொல்வதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், இங்கிலாந்துக்காரர் அவனை இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் என்று நினைப்பார். பொருள் இயந்திரத்திலிருந்து இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்த நகர்வைச் செய்தது நம் விவசாயக் குடும்பங்கள்.

மைக்செட்டும் அப்படியே. ஆம்ப்ளிஃபயர், மைக், மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர், கல்யாண வீட்டு சீரியல் பல்பு வரை எல்லாவற்றையும் அது குறிக்கும். அவற்றை வாடகைக்கு விடும் கடைக்கும் மைக்செட் கடை என்றே பெயர். ஆங்கிலத்தில் ‘மைக் செட்’ என்று கேட்டால் கிடைக்காது. ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று கேட்க வேண்டும். பல்செட்டுக்கு அங்கே ‘டென்ச்சர்ஸ்’. பேச்சில் ‘எ செட் ஆஃப் ஃபால்ஸ் டீத்’ என்றாலும் புரிந்துகொள்வார்கள்.

கரகாட்டக்காரர்கள், நையாண்டி மேளக்காரர்கள் தங்கள் குழுவையே ‘செட்’ என்பார்கள். கோயில் கொடைக்கு எந்த ஊர் செட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். ஹோட்டலில் இரண்டு பூரி சேர்ந்தால் ஒரு செட். இவை எல்லாவற்றிலும் ஒரே கருத்து: தனியாக நின்றால் முழுமை ஆகாதது, சேர்ந்தால்தான் ஒன்று.

‘எங்க செட்டு பசங்க’ என்கிறோமே, அது சரியான ஆங்கிலமா?

அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ அல்லது ‘கிளாஸ்’ என்று சொல்ல வேண்டும். ஆனால் நம் வழக்கு அந்தச் சொல்லின் மூலத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. ஒரே வழியில் நடந்தவர்கள் என்பதுதானே லத்தீன் பொருள்? விமானத்தில் ஊர் ஊராகப் பறக்கும் பணக்காரர் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஜெட் செட்’ என்பார்கள். ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் படித்து, சேர்ந்து அடி வாங்கியவர்களை நாம் ‘எங்க செட்டு’ என்கிறோம். எனக்கு நம்முடையதுதான் கூடுதல் நெருக்கமாகப் படுகிறது.

‘எனக்கு செட் ஆகல’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் படித்த வெல்டர் ஒருவர் நேர்காணலில் ‘பழைய வேலையை ஏன் விட்டீர்கள்’ என்ற கேள்விக்கு, ‘இட் டிட் நாட் செட் ஃபார் மீ’ என்று பதில் சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவருக்குப் புரியவில்லை. மூன்று முறை சொல்லியும் புரியவில்லை. நல்ல தொழில்காரர், ஒரு சொல்லால் நிலைகுலைந்து வெளியே வந்தார். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் நாம் பேசும் ‘செட் ஆகும்’, ‘செட் ஆகாது’ ஆங்கிலத்தில் கிடையாது. நாம் உண்டாக்கிக்கொண்ட பொருள் அது. அதற்குள் நாலைந்து தனித்தனிக் கருத்துகள் இருக்கின்றன. நிறமோ உடையோ பொருந்தவில்லை என்றால் ‘சூட்’ என்ற சொல் வேண்டும்: ‘இட் டஸ் நாட் சூட் மீ’. சட்டை அளவு சரியில்லை என்றால் ‘ஃபிட்’. இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் ‘வி டோன்ட் கெட் அலாங்’. வேலை ஒத்துவரவில்லை என்றால் ‘இட் டிட் நாட் வொர்க் அவுட்’. பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டதை ‘செட் ஆயிடுச்சு’ என்று சொல்கிறோம். அதற்கு ‘தி மேரேஜ் இஸ் ஃபிக்ஸ்ட்’ என்று இந்திய ஆங்கிலத்தில் சொல்லலாம்.

தமிழில் பேசும்போது ‘செட் ஆகல’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். அது இப்போது தமிழ்தான். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும், என்ன ஒத்துவரவில்லை என்பதை மனதுக்குள் தமிழில் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, அதற்குரிய சொல்லை எடுங்கள்.

‘செட்டப்’ கெட்ட வார்த்தையா?

தமிழில் அதற்கு ஒரு கெட்ட நிழல் விழுந்துவிட்டது. முறையற்ற உறவு, ஜோடித்த சாட்சி, ஏமாற்று ஏற்பாடு என்றெல்லாம் அர்த்தம் வந்துவிட்டதால், அலுவலகத்தில் ‘செட் அப் எ மீட்டிங்’ என்று எழுதவே ஒரு பெண் தயங்கினார். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நல்ல சொல். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது, கடை தொடங்குவது, கம்ப்யூட்டரைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்வது எல்லாம் ‘செட் அப்’. ஒருவரைத் திட்டமிட்டு மாட்டிவிடுவதற்கும் அதே சொல் வரும். ‘ஐ வாஸ் செட் அப்’ என்று ஒருவர் சொன்னால் ‘என்னை மாட்டிவிட்டுவிட்டார்கள்’ என்று பொருள். ஆளைச் செட் செய்தால் சிக்கல், பொருளைச் செட் செய்தால் ஏற்பாடு என்று நினைவில் வைக்கலாம். எல்லா இடத்துக்கும் பொருந்தாவிட்டாலும் தொடக்கத்துக்கு இது உதவும்.

நீதிமன்றச் செய்தியில் ‘செட் அசைட்’ என்று வருகிறது. ஒதுக்கி வைத்துவிட்டார்களா?

இல்லை, ரத்து செய்துவிட்டார்கள். ‘ஹைகோர்ட் செட் அசைட் தி ஆர்டர்’ என்றால் அந்த உத்தரவு செல்லாது. அன்றாடப் பேச்சிலோ ‘செட் அசைட் சம் மனி’ என்றால் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பது, பத்திரப்படுத்துவது. ஒன்று இல்லாமல் ஆக்குவது, இன்னொன்று காப்பாற்றி வைப்பது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்த தொடக்க நாளில் ஒரு தீர்ப்புச் சுருக்கத்தில் ‘உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று எழுதிவிட்டேன். வழக்கு ஒத்திப்போடப்பட்டதாக அதைப் படித்தவர் நினைத்துக்கொண்டார். அந்தத் தவறு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் வராத நாளில் உரிமையியல் வழக்கில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ‘செட் அசைட்’ செய்யச் சொல்லி மனுப் போடலாம். அதற்குப் பொதுவாக 30 நாள் கெடு. அந்தக் காகிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் ‘ஏதோ ஒதுக்கி வைக்கிறார்கள்’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே வக்கீலைப் பாருங்கள்.

‘செட் ஆஃப்’?

மூன்று வேலை. பயணம் கிளம்புவது. பட்டாசையோ வெடியையோ வெடிக்க வைப்பது. மூன்றாவது கணக்கில்: ஒன்றுக்கு எதிராக இன்னொன்றைக் கழித்துச் சரிக்கட்டுவது. வருமான வரிப் படிவத்தில் வருவது இந்த மூன்றாவது. பங்கில் வந்த நஷ்டத்தைப் பங்கில் வந்த லாபத்தில் கழித்துக்கொள்வது ‘செட் ஆஃப்’. கழித்தும் மிஞ்சினால் எட்டு ஆண்டு வரை அடுத்தடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். ‘செட் இன்’ என்றால் மழையோ காய்ச்சலோ நோயோ வந்து நிலைகொள்வது. ‘செட் பேக்’ என்றால் பின்னடைவு. வீட்டு வரைபடத்தில் மட்டும் அது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய காலி இடம்.

‘அப்’ என்றால் மேலே. ‘அப்செட்’ என்றால் ஏன் வருத்தம்?

நல்ல சந்தேகம். பழைய ஆங்கிலச் சொல்லாட்சியில் ‘அப்செட்’ என்றால் நிமிர்த்தி நிறுத்துவது என்றுதான் இருந்தது. பிறகு கவிழ்ப்பது என்று தலைகீழாகிவிட்டது. படகு கவிழ்ந்தாலும் அப்செட், மனது கவிழ்ந்தாலும் அப்செட், வயிறு கலங்கினாலும் அப்செட். விளையாட்டில் சின்ன அணி பெரிய அணியைத் தோற்கடித்தால் அதுவும் அப்செட்.

பழைய பொருள் ஒரே ஓரிடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோர்ட் ஏல அறிவிப்பில் ‘அப்செட் பிரைஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். ஏலத்தைத் தொடங்குவதற்காக நிறுத்தி வைக்கும் குறைந்தபட்ச விலை என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு, சொத்தைப் பறிகொடுத்தவருக்கு வருத்தம் என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்களா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் இருந்த ஈரம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காரணம் அதுவல்ல.

விளையாட்டில் எத்தனை ‘செட்’?

வாலிபாலில் மட்டும் இரண்டு. ஆட்டத்தின் ஒரு பகுதி செட். முதல் நான்கு செட் 25 புள்ளி, ஐந்தாவது வந்தால் 15, எதிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். அப்புறம், அடிப்பவருக்கு வாகாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பதும் செட். அதைச் செய்பவர் செட்டர். முதலாவது கூட்டம் என்ற பெயர்ச்சொல், இரண்டாவது வை என்ற வினைச்சொல். வேர் வேறான இரண்டு சொற்களும் ஒரே மைதானத்தில் ஆடுகின்றன. டென்னிஸில் பொதுவாகக் குறைந்தது ஆறு கேம் வென்றால்தான் ஒரு செட் கிடைக்கும். கிரிக்கெட்டில் ‘செட் பேட்ஸ்மேன்’ என்றால் ஆடுகளத்தில் காலூன்றி நிற்பவர். ரம்மியில் ஒரே எண்ணுள்ள மூன்று அல்லது நான்கு சீட்டு செட். ஜிம்மில் பத்துத் தடவை தூக்கி இறக்கினால் ஒரு செட்.

ஓட்டப் பந்தயத்தில் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’, ‘செட்’, பிறகு துப்பாக்கி. இந்த ‘செட்’ 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும்தான். இடுப்பை உயர்த்தி, அசையாமல் நில் என்று அர்த்தம். அதைவிட நீண்ட ஓட்டங்களில் அந்தக் கட்டளை கிடையாது.

கணக்குப் பாடத்தில் ‘செட்’ ஏன் ‘கணம்’?

கணம் என்றால் கூட்டம். பூதகணம் என்கிறோமே, அது. ஜெர்மன் கணிதவியலாளர் கியார்க் கேன்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்த்த கோட்பாடு இது. தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், உட்கணம், வெற்றுக்கணம் என்று படிப்போம். இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு அதுவே ‘தொடை’. தொடுத்தது தொடை, பூத்தொடை, எதுகைத் தொடை என்பதில் வரும் அதே சொல். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் ஒரு நொடியைக் குறிக்கும் ‘கணம்’ குறுக்கே வராததால் தொடைக்குக் குழப்பம் குறைவு என்பது என் எண்ணம்.

அமெரிக்க ஹோட்டலில் ‘ஆர் யூ ஆல் செட்?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அங்கே போன மாணவர்கள் எல்லோரும் இதைக் கேட்டு எழுதிவிட்டார்கள். ‘வேறு ஏதாவது வேண்டுமா, போதுமா?’ என்பதுதான் கேள்வி. போதும் என்றால் ‘வி ஆர் ஆல் செட், தேங்க் யூ’ என்று சொல்லுங்கள். ‘யெஸ்’ என்றால் போதும் என்று எடுத்துக்கொண்டு பில் கொண்டுவந்துவிடுவார்கள். இன்னொரு தோசைக்காக ‘யெஸ்’ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கரும்பு பற்றிய ஆங்கிலக் கையேட்டில் கடைசியில் இரண்டு ‘டி’ போட்டு ‘செட்’ என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அது விதைக் கரணை. மண்ணில் வைப்பதற்காக வெட்டிய துண்டு என்பதால் அந்தப் பெயர். நடுவதற்கு வைக்கிற சிறிய வெங்காயக் குமிழுக்கு ஒரு ‘டி’ போட்டே ‘ஆனியன் செட்’ என்பார்கள். கேட்டவர் கரும்பு விவசாயி. ‘டூ பட் செட்’ என்று படித்துவிட்டு இரண்டு பாத்திர செட் என்று நினைத்திருக்கிறார். ‘பட்’ என்றால் முளைக்கிற பரு. இரு பருக் கரணை என்று சொன்னதும், ‘இதைத்தானே ஐயா தினமும் வெட்டிக்கிட்டு இருக்கோம்’ என்றார்.